கருங்கோல் குறிஞ்சி: பூவாத ஆண்டுகளின் வாசிப்பும் பாதுகாப்பும்

ஆய்வுச் சுருக்கம்

குறிஞ்சி தமிழ் ஆய்வுலகில் பெரிதும் திணைப்பெயராகவும் உரிப்பொருளின் குறியீடாகவும் வாசிக்கப்பட்டு வருகிறது. அப்பெயருக்கு உரிய செடி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து மடிவது. எனவே அதன் வாழ்நாளில் பெரும்பகுதி பூவற்ற பகுதியே. சங்கப் பாடல்கள் சில குறிஞ்சிக்குத் தரும் அடைகள் பூவைவிடத் தண்டையே முன்னிறுத்துகின்றன என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' புதினத்தை இவ்வாசிப்பின் தொடர்ச்சியாகக் காண்கிறது. பூக்கும் ஆண்டை மட்டும் கொண்டாடும் எழுத்தும் பாதுகாப்பும் செடியின் வாழிடத்தைக் கைவிடுகின்றன என்பதையும், திருப்பூர் முதலிய நெசவு, பின்னலாடைச் சமவெளிக்கு அவ்விழப்பில் பங்குண்டு என்பதையும் விவாதிக்கிறது.

திறவுச் சொற்கள்: குறிஞ்சி, திணை, சூழலியல் திறனாய்வு, சோலைப்புல்வெளி, குறிஞ்சித் தேன், அமராவதி, திருப்பூர்.

முன்னுரை

தமிழ் மாணவர் குறிஞ்சி என்ற சொல்லை முதலில் அறிவது ஓர் அட்டவணையில். நிலம் மலையும் மலை சார்ந்த இடமும், தெய்வம் சேயோன், பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம், உரிப்பொருள் புணர்தல். இவ்வட்டவணை தேர்வுக்கு உதவுகிறது. ஆய்வேடுகளிலும் முதல் இயலின் முதல் பக்கத்தை நிரப்புகிறது. ஆனால் அட்டவணைக்குத் தன் பெயரைத் தந்த செடி அதற்குள் எங்கும் இல்லை. அது எத்தனை அடி உயரம் வளரும், எவ்வகை நிலத்தில் வேர்கொள்ளும், பூவாதபோது எவ்வாறு தோன்றும் என்ற வினாக்களைத் திணை ஆய்வு பொதுவாக எழுப்புவதில்லை.

நீலக்குறிஞ்சியின் அறிவியற் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. நீலகிரி, ஆனைமலை, பழனிமலைத் தொடர்களில் ஏறத்தாழ 1,300 முதல் 2,400 மீட்டர் உயரம் வரை உள்ள புல்வெளிச் சரிவுகளில் அது வளர்கிறது. ஒரு பகுதியில் உள்ள செடிகள் ஒருசேரப் பூத்து, விதைத்து, மடிகின்றன. விழுந்த விதைகளிலிருந்து அடுத்த தலைமுறை எழுகிறது. 1838 தொடங்கி 1994, 2006, 2018 என இப்பெரும்பூப்பு பதிவாகியுள்ளது. அடுத்தது 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. இவ்விரு பூப்புகளுக்கும் இடையில் நிற்கிறோம். செடி உயிரோடு இருந்தும் எவர் கண்ணிலும் படாத இக்காலத்தை நம் இலக்கிய வாசிப்பு எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

1. திணைப்பெயரும் தாவரமும்

திணைப்பெயரைத் தாவரத்தோடு இணைத்து வாசித்தவர்களுள் ஏ. கே. ராமானுஜன் குறிப்பிடத்தக்கவர். 1967இல் வெளிவந்த தம் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலின் பின்னுரையில், பூப்பதற்கு நீண்ட ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் இச்செடியைப் பருவமெய்தும் தலைவியோடு அவர் பொருத்திக் காட்டினார். தமிழில் மலர்தலுக்கும் பெண் பருவமெய்துதலுக்கும் 'பூப்பு' என்ற ஒரே சொல் வழங்குவதால் இவ்வாசிப்பு நமக்கு இயல்பாகவே படுகிறது. திணைப்பெயர் வெறும் முத்திரையன்று, ஓர் உயிரியின் வாழ்க்கையோடு தொடர்புடையது என்று காட்டிய வகையில் அதன் பயன் பெரிது.

எனினும் இப்பொருத்தத்தில் ஒரு குறையுண்டு. தலைவி பருவமெய்தியபின் வாழ்கிறாள். குறிஞ்சி பூத்தபின் மடிகிறது. உவமை நிற்பது பூக்கும் கணத்தில் மட்டுமே. அதற்கு முன்னிருந்த நெடுங்காலம் வெறும் காத்திருப்பாகச் சுருங்குகிறது.

பருவக் கணக்கிலும் இத்தகைய இடைவெளி உண்டு. இலக்கணம் குறிஞ்சிக்கு உரிய பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும் கூறுகிறது. நீலக்குறிஞ்சியின் பெரும்பூப்போ ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை, அதாவது கார்காலத்தையொட்டி நிகழ்கிறது. திணையின் பொழுது பூவின் பொழுதன்று. ஆகவே இலக்கணத்தார் மலைக்குக் குறிஞ்சி என்று பெயரிட்டதற்குப் பூக்கும் காலம் மட்டுமே காரணமாக இருந்திருக்க முடியாது. செடியைப் பற்றிய வேறோர் அறிவும் அப்பெயருக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும். அதைப் பாடல்களில் தேடலாம்.

2. தண்டைச் சுட்டும் அடைகள்

குறிஞ்சிச் செடி அடையோடு வரும் ஐந்து இடங்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தேவகுலத்தார் பாடிய குறுந்தொகை 3, வெறிபாடிய காமக்கண்ணியார் பாடிய நற்றிணை 268, பாண்டியன் மாறன் வழுதி பாடிய நற்றிணை 301, உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய புறநானூறு 374, மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி ஆகியவை அவை. குறுந்தொகையிலும் புறநானூற்றிலும் 'கருங்கோல்', நற்றிணை 268இலும் மதுரைக்காஞ்சியிலும் 'கருங்கால்', நற்றிணை 301இல் 'பெருங்கோல்' என்ற அடைகள் வருகின்றன. ஐந்திலும் குறிஞ்சி என்ற பெயருக்கு முன் நிற்பது தண்டு. நீலம் எங்கும் அடையாகவில்லை. நற்றிணை 301இல் தலைவியின் மேனிக்கு அன்றலர்ந்த பூ உவமையாகும்போதும், செடி அதன் கோலைக் கொண்டே முதலில் அறிமுகமாகிறது.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். 'கருங்கால்' என்பது வேங்கை முதலிய பிற மரங்களுக்கும் வரும் வாய்பாட்டு அடை. அதைக் கண்டறிந்த உண்மையாகக் கொள்ள வேண்டுவதில்லை எனலாம். தடை பொருட்படுத்தத் தக்கதே. ஆனால் வேங்கை ஆண்டுதோறும் பூப்பது, நெடிய மரம், அதன் அடிமரம் எப்போதும் கண்ணில் படும். குறிஞ்சியோ புல்லோடு புல்லாக நிற்கும் குறுஞ்செடி. அதற்கும் தண்டைச் சுட்டும் அடை நிலைபெற்றது என்றால், அச்செடியைப் பூவில்லாமலும் அடையாளம் காணத் தெரிந்த மக்களிடையே அவ்வாய்பாடு உருவாகியிருக்க வேண்டும். பூத்தபோது மட்டும் காண்பவருக்குத் தண்டு தேவைப்படாது. பூவாத பதினோராண்டும் அதனூடே நடந்து செல்பவருக்கே அது தேவைப்படும்.

'பெருங்கோல்' என்ற அடை இன்னொரு வினாவையும் எழுப்புகிறது. உயர்ந்த புல்வெளியில் நீலக்குறிஞ்சி பெரும்பாலும் இரண்டடிக்கு மேல் வளர்வதில்லை. அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு சில இனங்கள் சோலைக்காட்டின் நிழலில் ஆளுயரத்துக்கும் வளர்கின்றன. அவற்றுள் ஆண்டுதோறும் பூப்பனவும் உண்டு. பல்லாண்டு இடைவெளியில் பூப்பனவும் உண்டு. எனவே சங்கப் புலவர் குறிஞ்சி என்றது ஒரே ஓர் இனத்தைத்தான் என்று துணிவது கடினம். இன்றைய சுற்றுலா விளம்பரத்தின் நீலக்குறிஞ்சியை அப்படியே ஒவ்வொரு சங்கப் பாடலிலும் பொருத்துவது ஆய்வுநெறியாகாது. குறிஞ்சி ஒரு குடும்பப் பெயராக வழங்கியிருக்கக்கூடும் என்ற வாய்ப்பைத் திறந்து வைப்பதே பொருந்தும்.

3. தேனும் நீரும்

குறுந்தொகை மூன்றாம் பாடலை விளக்குவோர் நட்பின் அளவுக்கு நிலம், வான், நீர் மூன்றும் எல்லையாக வருவதை வியந்து பேசுவர். குறிஞ்சிப் பூவிலிருந்து தேன் இழைக்கப்படும் இறுதிப்பகுதி பெரும்பாலும் 'நாடன்' என்ற சொல்லுக்கான நில அடையாகக் கடந்து செல்லப்படுகிறது. உண்மையில் அளவு பற்றிய பேச்சு அங்கேதான் நிறைவுறுகிறது. குறிஞ்சியின் ஒரு பூவில் உள்ள தேன் மிகச் சிறிது. மலைச்சரிவு முழுதும் ஒருசேரப் பூத்தாலன்றி அத்தேன் பெரிதாகாது. அளக்க முடியாத ஒன்று எண்ணற்ற சிறியவற்றால் ஆகிறது என்ற உண்மை மூன்று பேரளவைகளுக்குப் பின் வருகிறது. செடி கூட்டமாக வாழும் சரிவு இல்லையேல் அவ்வுவமையும் இல்லை. புறநானூறு 374 பூவைப் பாடாமல் குறிஞ்சி நிறைந்த மலையடுக்கத்தைப் பாடப்படும் பொருளாக்குவதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

நற்றிணை 268 இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அப்பாடல் மழையில் தொடங்குகிறது. பெருமழை பெய்கிறது, சுனையில் நீர் பெருகுகிறது, அக்குன்றத்தில் குறிஞ்சி பூக்கிறது, அப்பூவின் மணமுள்ள தேன் மனைவரை வந்து சேர்கிறது. மழை, சுனை, குறிஞ்சி, தேனீ, மனை என்னும் இந்நிரலைக் கருப்பொருள்களின் பட்டியலாக வாசிக்கலாம். ஒன்றையொன்று தாங்கும் தொடராகவும் வாசிக்கலாம். அப்பாடல் பூவை வலிமையற்றது என்றே சுட்டுகிறது. வலிமை பூவினிடம் இல்லை, தொடரில் இருக்கிறது என்பது இரண்டாம் வாசிப்பில்தான் புலப்படும்.

4. 'குறிஞ்சித் தேன்': இடைப்பட்ட ஆண்டுகளின் கதை

நீலகிரியின் படகர் வாழ்வை மையமாகக் கொண்டு ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'குறிஞ்சித் தேன்' 1963இல் நூலாயிற்று. இதைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இனவரைவியல் நோக்கில் அமைந்தவை. சடங்கு, உறவுமுறை, வழக்குச்சொல் ஆகியவற்றைத் தொகுப்பவை. குறிஞ்சியின் பூப்பு அவற்றில் தலைமுறைகளைக் குறிக்கும் அழகிய உத்தி என்ற அளவில் பாராட்டப்படுகிறது.

உத்தி என்பதற்கு மேலும் அதில் ஒன்று உண்டு. புதினத்தில் குறிஞ்சி பூப்பது சில முறையே. கதை நடப்பது பூப்புகளுக்கு இடையில். தினையும் சாமையும் ராகியும் விளைந்த சரிவுகளில் தேயிலை ஏறுவதும், நீர்மின் திட்டம் மலைக்குள் நுழைவதும், மண்ணோடு நிற்கும் ஜோகியும் பணத்தை நாடும் ரங்கனும் இரு வேறு வழிகளில் செல்வதும் பூவாத ஆண்டுகளில்தான். ஒவ்வொரு பூப்பும் வரும்போது முந்தைய பூப்பு கண்ட மலை அங்கில்லை. செடி கணக்குத் தவறாமல் திரும்பி வருகிறது. அது திரும்பி வரும் நிலம்தான் குறைந்துகொண்டே போகிறது. பழனி, ஆனைமலைப் பகுதிகளின் பளியரும் முதுவரும் குறிஞ்சிப் பூப்பைக் கொண்டு வயதைக் கணக்கிட்டனர் என்ற செய்தி பரவலாகக் குறிக்கப்படுவது. ராஜம் கிருஷ்ணன் அவ்வகைக் கணக்கை ஒரு மலையின் வயதுக்குப் பயன்படுத்தினார் எனலாம்.

இப்புதினத்தின் வரம்பையும் சொல்ல வேண்டும். தேயிலையால் மனிதரிடையே நேரும் பிளவைக் கூர்ந்து காட்டும் அளவுக்குப் புல்வெளியின் அழிவு அதில் தனித்து வளர்த்தெடுக்கப்படவில்லை. எனினும் குறிஞ்சியைப் பூவாத ஆண்டுகளின் வழியே காணும் அமைப்பு தற்காலப் புனைகதையிலும் இயலும் என்பதற்கு அது சான்று.

5. பூப்பாண்டின் எழுத்தும் பூப்பாண்டின் பாதுகாப்பும்

2006ஆம் ஆண்டுப் பூப்பின்போது அஞ்சல்துறை குறிஞ்சிக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அதே ஆண்டில் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் வட்டவடை, கொட்டகாம்பூர்ப் பகுதியில் ஏறத்தாழ 3,200 ஹெக்டேர் நிலம் குறிஞ்சிமலைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் இடையே நடைப்பயணம் மேற்கொண்டு பரப்புரை செய்த ஆர்வலர்களின் நெடுநாள் உழைப்பு அதன் பின்னணியில் இருந்தது. ஆனால் அறிவிப்புக்குப் பின்வந்த ஆண்டுகள் எல்லை, பட்டா உரிமை ஆகியவை பற்றிய தகராறில் கழிந்தன. அடுத்த பூப்பு நெருங்கியபோதும் அது தீர்ந்தபாடில்லை. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளம் மூணாற்றுக்குச் செல்லும் வழிகளைத் துண்டித்தது. அவ்வாண்டுச் செய்திகளில் குறிஞ்சி பெரிதும் சுற்றுலா இழப்பின் பகுதியாகவே இடம்பெற்றது.

பூப்பாண்டில் வெளிவரும் தமிழ்க் கட்டுரைகளுக்கு ஒரு வார்ப்பு உண்டு. சங்கப் பாடலொன்று முதலில் வரும். பன்னிரண்டாண்டு அதிசயம் அடுத்து வரும். கண்டுகளிக்க அழைப்பு இறுதியில் வரும். நீலகிரி என்ற பெயர் இப்பூவால் வந்தது என்ற வழக்கும் இடையில் சேரும். ஆய்வுக் கட்டுரைகளும் இவ்வார்ப்பிலிருந்து முற்றும் விலகியவையல்ல. சங்கப் பாடல் அங்கே பூவின் தொன்மைக்குச் சான்றிதழாகிறது. பாடல் சொல்லும் தண்டும் சரிவும் சுனையும் பேசப்படுவதில்லை.

அண்மைக் காலத்தில் சிறிய மாற்றம் தெரிகிறது. 2022ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் நீலக்குறிஞ்சியை மூன்றாம் அட்டவணையில் சேர்த்தது. 2024இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அது அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டது. இவ்விரண்டும் பூவாத ஆண்டுகளில் நிகழ்ந்தவை என்பது கவனிக்கத்தக்கது. ஆயினும் சட்டம் தடுப்பது செடியைப் பறிப்பவரையும் பிடுங்குபவரையும். புல்வெளியில் பரவும் சீகை மரத்தின் விதையை எந்த வழக்கும் தடுக்காது.

6. புல்வெளி தரிசான கதை

குறிஞ்சியின் வாழிடம் காடு அல்ல, சோலைகளுக்கு இடையே விரியும் புல்வெளி. மரத்தையே வளமென எண்ணும் கண்ணுக்குப் புல்வெளி தரிசாகத் தெரிந்தது. ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரியில் தொடங்கிய சீகை, யூகலிப்டஸ் நடவு விடுதலைக்குப் பின்னும் பழனிமலை உட்பட மலைகளெங்கும் அரசுத் திட்டமாகத் தொடர்ந்தது. சீகைப் பட்டை தோல் பதனிடப் பயன்பட்டது. யூகலிப்டஸும் சீகையும் கூழாக்கப்பட்டு ரேயான் இழையாயின. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பழனிமலையில் நிகழ்த்தப்பட்ட ஆய்வு, மர நடவினாலும் வேளாண்மையினாலும் மலைப்புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் சுருங்கியதைக் காட்டியது. பூப்பின் கணக்கில் இது மூன்று சுற்றுகளைச் சற்றே கடந்த காலம். குறிஞ்சியை எவரும் அழிக்க எண்ணியதில்லை; அது பூவாதிருந்தபோது அங்கு ஏதும் இல்லை என்று எண்ணினர்.

திருப்பூர்ப் பகுதியிலிருந்து எழுதும் ஆய்வாளர் இங்கு விலகி நிற்க முடியாது. மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில் இயங்கிப் பின்னர் மூடப்பட்ட விஸ்கோஸ் ஆலைக்கு மலைத்தோட்டங்களின் மரம் மூலப்பொருளாயிற்று. கொங்குப் பகுதியின் துணித்தொழில் பருத்தியால் மட்டும் வளர்ந்ததன்று. அதன் ஒரு பகுதி இழை மலைப்புல்வெளியின் மீது நடப்பட்ட மரத்திலிருந்து வந்தது. மலை இழந்ததைச் சமவெளி உடுத்தியது என்பது இவ்விடத்தில் அணியன்று.

நீரின் வழியும் அதுவே. ஆனைமலை, பழனிமலைச் சரிவுகளில் பிறக்கும் பாம்பாறும் சின்னாறும் தேனாறும் அமராவதியை வளர்க்கின்றன. 1957இல் கட்டப்பட்ட அமராவதி அணையின் நீர் உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம் வட்டங்களின் வயல்களுக்குச் செல்கிறது. திருப்பூர் நகரின் குடிநீர் பவானியையும் காவிரியையும் சார்ந்தது. பவானியும் சோலைப்புல்வெளி மலைகளிலிருந்து இறங்கும் ஆறே. நகரின் நடுவே ஓடும் நொய்யலை நாம் எவ்வாறு வைத்திருந்தோம் என்பதற்கு, சாயக்கழிவு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதே சான்று. அண்மையிலுள்ள ஆற்றைக் கெடுத்துவிட்டுத் தொலைவிலுள்ள மலையின் நீரை நம்பியிருக்கும் ஊரில் நற்றிணை 268இன் சுனையைக் கருப்பொருள் என்று மட்டும் எழுதி மதிப்பெண் வழங்குவது போதுமானதாகத் தோன்றவில்லை.

திருப்பூர் மாவட்டம் பின்னலாடைக் கூடங்களோடு முடிந்துவிடுவதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உடுமலை, அமராவதி வனச்சரகங்கள் இம்மாவட்டத்தில் உள்ளன. அவற்றின் மலையூர்களில் முதுவரும் புலையரும் வாழ்கின்றனர். பூவாத குறிஞ்சியை அவர்கள் எவ்வாறு அடையாளம் காண்கின்றனர், அதன் இனங்களுக்கு என்னென்ன பெயர் வழங்குகின்றனர் என்பவை தமிழியல் களஆய்வுக்கு உரிய வினாக்கள். கருங்கோலுக்கும் பெருங்கோலுக்கும் உரைநூல்களில் கிடைக்காத விளக்கம் அங்குக் கிடைக்கக்கூடும்.

முடிவுரை

இக்கட்டுரை கண்டவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

ஒன்று, எடுத்துக்கொண்ட ஐந்து சங்க இடங்களிலும் குறிஞ்சி தண்டைச் சுட்டும் அடையோடு வருகிறது. அது செடியைப் பூவாத காலத்திலும் அறிந்த ஒரு மரபின் தடயமாகலாம்.

இரண்டு, குறுந்தொகை 3, நற்றிணை 268, புறநானூறு 374 ஆகியவற்றில் குறிஞ்சி தனிப்பூவாக நிற்கவில்லை. சரிவு, நீர், தேனீ ஆகியவற்றோடு கூடிய தொகுதியாகவே பொருள் தருகிறது.

மூன்று, 'குறிஞ்சித் தேன்' பூப்பைக் கணக்காகவும் இடைப்பட்ட ஆண்டுகளைக் கதையாகவும் கொண்டு இம்மரபை வேறொரு வகையில் தொடர்கிறது.

நான்கு, இன்றைய எழுத்தும் பாதுகாப்பும் பெரிதும் பூப்பாண்டைச் சார்ந்திருப்பதால் வாழிடத்தின் இழப்பு கவனம் பெறாது போயிற்று.

2030 நெருங்கும்போது சிறப்பிதழ்களும் கருத்தரங்குகளும் வரும். குறிஞ்சி பற்றிய கட்டுரைகள் குவியும். அவற்றை இப்போதே எழுதத் தொடங்குவது நல்லது. தாவரவியல் துறையினரோடு சேர்ந்து சங்கக் குறிஞ்சியின் இனத்தெளிவை ஆராய்வதும், மலைமக்களின் செடிப்பெயர்களைத் தொகுப்பதும், திணையைக் கற்பிக்கும் வகுப்பில் புல்வெளியின் நிலப்படத்தை ஒருமுறையேனும் காட்டுவதும் எளிய தொடக்கங்கள். செடி இப்போது பூவின்றி, கரிய தண்டும் இலையுமாகப் புல்லிடையே நிற்கிறது. சங்கப் புலவர் பெயரிட்டு அறிந்த தோற்றம் அதுவே.